யந்திரத்தினிடம் கேள்வி கேட்கும் விதம்

கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்லும் யந்திரங்கள் கைபேசியில் வந்துவிட்டன. 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இவ்வகைச் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் பெருகிவருகின்றன. குடியானவர்களில் சிலர் இவற்றின் சொல்லை வேதவாக்காகக் கொள்கின்றனர். சிலர் பட்டணத்து வேடிக்கை என்று தள்ளிவிடுகின்றனர். கேள்வி எவ்வளவு திருத்தமோ விடையும் அவ்வளவே திருத்தம் என்பதை இரு சாராரும் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் கிராமத்தில் நவரை நெல் பயிரிட்டிருந்த ஒருவர், "நெற்பயிர் மஞ்சளாகிறது; என்ன உரம் போடலாம்?" என்று யந்திரத்தைக் கேட்டார். யூரியா இடும்படி அது சொல்லிற்று. அவரோ பத்து நாட்களுக்கு முன்புதான் யூரியா இட்டிருந்தார். அதை யந்திரம் எவ்வாறு அறியும்? மேலும், "என்ன உரம்?" என்று கேட்டபடியால் உரக்குறைதான் காரணம் என்று கேட்டவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார், யந்திரம் அதற்கு ஒத்துப் பாடிற்று.

நெல் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்றல்ல. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளங்குருத்து வெளுக்கும். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் இலைகளில் துருநிறப் புள்ளிகள் கண்டால் துத்தநாகக் குறையைச் சந்தேகிக்கலாம். பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு மஞ்சளானால், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாகவும் இருக்கலாம். ஆகவே எந்த இலை முதலில் மாறிற்று என்று சொல்லாத கேள்வி அரைக் கேள்வியே.

நாங்கள் இருவரும் திண்ணையில் அமர்ந்து அதை இவ்விதம் திருத்தினோம்: "காஞ்சீபுரம் ஜில்லா, நவரைப் பட்டம், கோ 51 நெல், நட்டு 20 நாள், களிமண், வயலில் எப்போதும் நீர் நிற்கிறது, பத்து நாள் முன் யூரியா இட்டேன், அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள், ஆங்காங்கே திட்டுத் திட்டாக. காரணங்கள் எவை? ஒவ்வொன்றையும் வயலில் கண்டுகொள்வது எப்படி? விடை கூறுமுன் தெரியவேண்டியதை என்னைக் கேள்." யந்திரம் மண்பரிசோதனை விவரத்தைக் கேட்டுவிட்டு, துத்தநாகக் குறையை முதலில் வைத்தது.

இது புதிய வித்தை அன்று. பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேட்டில் கோட்டம், நாடு, ஊர் என்று இடம் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நிலத்திற்குப் பத்திரம் எழுதும்போது நாற்புறமும் எல்லை சொல்லுகிற நாம், பயிரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் எல்லையின்றிக் கேட்பானேன்?

அளவிலும் ஜாக்கிரதை வேண்டும். துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ என்பது சிபாரிசு. ஏக்கருக்கு அது 10 கிலோவே. ஹெக்டேர்க் கணக்கை ஏக்கர் என்று எண்ணி இட்டால் இரண்டரை மடங்காகும். காணிக் கணக்கு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், நிலத்தைச் சென்டில் சொல்லி, விடையையும் அந்நிலத்துக்கே கேட்பது நலம்.

யந்திரம் தவற்றையும் தடுமாறாமல் சொல்லும். சொல்லின் சரளம் உண்மைக்கு அத்தாட்சி ஆகாது. பூச்சிமருந்தின் பெயரையும் அளவையும் அதன் சொல்லை மட்டும் நம்பி உபயோகிக்கலாகாது. டப்பியின் மேலுள்ள சீட்டைப் படித்து, வேளாண்மை விரிவாக்க மையத்திலோ 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்திலோ விசாரித்த பின்பே தெளிக்க வேண்டும்.

கிராம அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவிப்பு எழுத இதன் துணையைக் கொள்ளலாம். யாருக்காக, எத்தனை வரியில், எந்தத் தேதிக்குள் என்று குறித்தால் நகல் நன்றாக அமையும். ஆனால் குடிகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு முதலியவற்றை அதனிடம் ஒப்புவிக்கலாகாது.

வயலை நன்றாகப் பார்த்தவனே நன்றாகக் கேட்க முடியும். கேள்வியை எழுதுமுன் ஒருமுறை வரப்பில் நடந்து வருவீர்களாக. பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். மீதிக்கு யந்திரம் உதவட்டும்.