நூன் ஷோவுக்குப் போனவர்கள் நாம்தான்

திருவனந்தபுரத்து வலியசாலைத் தமிழர்களிடம் காந்தளூர்ச் சாலை என்று சொன்னால் போதும், ராஜராஜனில் ஆரம்பித்து விடுவோம். ஆயிரம் வருஷத்துப் பெருமையைப் பத்திரமாக வைத்திருக்கிற நமக்கு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சங்கதி மட்டும் சுத்தமாக ஞாபகம் இல்லை. கேட்டால், "அதெல்லாம் யார் பார்த்தார்கள்?" என்போம். மலையாளத்தின் 'ஏ' படங்களைத்தான் சொல்கிறேன்.

யார் பார்த்தார்கள்? நாம்தான். தெரிந்த முகம் இருக்காது என்று ஊரின் மறுகோடியில் உள்ள கொட்டகைக்குப் போனோம். விளக்கை அணைத்த பிறகு நுழைந்தோம், விளக்கு எரிவதற்குள் வெளியே வந்தோம். சாயங்காலம் விபூதி பூசிக்கொண்டு கோயிலில் நின்றோம். திருநெல்வேலியிலிருந்து வந்த உறவினர்கள் 'உங்க ஊர்ப் படம்' என்று கண்ணடித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தோம். அந்தப் படங்களில் பாதி வேலை கோடம்பாக்கத்தில் நடந்தது என்று திருப்பிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் என்றாகிவிடுமே!

1978இல் ஐ.வி. சசியின் 'அவளுடெ ராவுகள்' வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணை மனுஷியாகக் காட்டிய படம். சீமாவை நட்சத்திரமாக்கியது. இன்று அதை மரியாதையாகவே பேசுகிறோம், இயக்குநரின் பெயர் பெரிது என்பதால். அதற்குப் பின்னால் வந்தவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆதாம் ஏவாள் கதையை வைத்து பி. சந்திரகுமார் 1988இல் எடுத்த 'ஆதிபாபம்', மறுவருஷம் சில்க் ஸ்மிதா நடித்த 'லயனம்', 2000இல் ஷகீலாவின் 'கின்னாரத்தும்பிகள்' எல்லாம் சொற்பக் காசில் எடுத்து, வேறு படங்கள் ஓடாத நாட்களில் கொட்டகைகளுக்குச் சோறு போட்டவை.

பெரும்பாலானவை மோசமான படங்கள்தான், அதை மறைக்க வேண்டாம். தணிக்கைக்குப் போன பிரதி ஒன்று, திரையில் ஓடியது வேறொன்று. நடுவே 'துண்டு', அதாவது தணிக்கைக்குக் காட்டாத ஆபாசக் காட்சி, ஒட்டினார்கள். நடித்தவருக்கே தெரியாத காட்சிகள் அப்படி நுழைந்தன. துண்டு வரவில்லை என்றால் நாற்காலியைத் தட்டிக் கூச்சல் போட்டதும் நம் கூட்டம்தான். ஆக, எது அசல் படம் என்று கேட்டால் இன்று கைகாட்ட ஒரு பிரதி கிடைப்பது கடினம். டைட்டிலிலும் முழு உண்மை இல்லை. வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று புனைபெயரில் ஒளிந்துகொண்டவர்கள் உண்டு. ஷகீலாவுக்கு டூப் போட்ட பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ள நாம் யாரும் மெனக்கெடவில்லை.

1996 செப்டம்பரில் ஸ்மிதா இறந்தார். 2011இல் அவர் வாழ்க்கையின் சாயலில் வந்த இந்திப் படத்துக்காக வித்யா பாலனுக்குத் தேசிய விருது கிடைத்தபோது கைதட்டினோம். ஷகீலா தன் கதையைத் தானே எழுத வேண்டியிருந்தது. தர்ஷனா ஸ்ரீதர் மினி இந்தப் படவுலகை ஆராய்ந்து எழுதிய 'ரேட்டட் ஏ' 2024இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. இங்கே டிசம்பர் தோறும் திரைப்பட விழாவுக்குக் கழுத்தில் பாஸ் மாட்டி, ஐரோப்பியப் படங்களில் உடல்களைக் கலைக்கண்ணோடு பார்க்கிறோம். பக்கத்துத் தெருப் படம் என்றால்தான் நமக்குக் கூச்சம்.

இந்தக் குணம் நமக்குப் புதிதல்ல. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்' இதே ஊரில் திரையிடப்பட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததற்காகக் கல்லெறிந்து விரட்டினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் போய் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை.

இப்போதும் முழுக்க நேரம் கடந்துவிடவில்லை. அந்தக் கொட்டகைகளில் புரொஜெக்டர் ஓட்டியவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். நடித்த பெண்களிடம் மட்டும் முதலில் சம்மதம் கேளுங்கள். மறக்கப்பட வேண்டும் என்று அவர்கள் விரும்பினால் அதோடு விட்டுவிடலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ வீடியோ கேசட்டோ கிடந்தால், அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.