சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்

பிள்ளைக்கு உத்தியோகம் ஆகிவிட்டது என்றால் நம் வீடுகளில் முதலில் என்ன கேட்கிறோம்? "சம்பளம் எவ்வளவு?" அடுத்தது, "எந்த ஊரில்?" மூன்றாவது, "வேலை நிரந்தரம்தானே?" பெண் கொடுக்க வருகிறவர்களும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் விசாரிக்கிறார்கள். நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. "அந்த வேலையால் யாருக்காவது கெடுதல் உண்டா?" அதைக் கேட்கத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை.

சுமார் 2,500 வருஷங்களுக்கு முன்பே புத்தர் அதைக் கேட்டுவிட்டார். அவர் வகுத்த எட்டு அங்கங்கள் கொண்ட வழியில் ஐந்தாவது, நல்வாழ்க்கை. அதாவது, பிழைப்புக்குச் செய்யும் தொழிலும் தர்மமாக இருக்க வேண்டும் என்பது. அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல், இல்லறத்தார் செய்யத் தகாத வியாபாரங்கள் ஐந்தைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம்.

"நாங்கள் என்ன பௌத்தர்களா?" என்று கேட்கிறீர்களா? நம் தமிழில் மணிமேகலை இருக்கிறதே! மாதவியின் மகளான அவளைக் குலத்தொழிலுக்கு இழுக்கப் பாட்டி சித்திராபதி படாத பாடு படுகிறாள். பெண்ணோ அசையவில்லை. அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிடப் போய்விடுகிறாள். அந்தக் காவியத்தைப் பாடிய சாத்தனார் யார்? மதுரையில் தானிய வியாபாரம் செய்தவர். ஆகவே வியாபாரம் பாவம் என்று யாரும் சொல்லவில்லை. எதை விற்கிறோம், அது போகிற இடத்தில் என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சுற்று வந்தால் போதும், இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று தெரிந்துவிடும்.

முதலில் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை திண்டுக்கல் பூட்டுக்கு உண்டு. ஒருவர் வீட்டைக் காக்கிற பொருள், யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அலிகார் பூட்டும் இயந்திரப் பூட்டும் போட்டிக்கு வந்த பிறகு, கையால் பூட்டுச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தொழில் சுத்தமானது, வருமானம்தான் போதவில்லை.

அடுத்தது புகையிலை. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போயிற்று. புத்தர் சொன்ன ஐந்தில் புகையிலை இல்லை. எப்படி இருக்கும்? அவர் காலத்தில் இந்த நாட்டிலேயே அந்தச் செடி கிடையாதே! அதை மதுவோடு சேர்ப்பதா, விஷத்தோடு சேர்ப்பதா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, தோல் பதனிடும் தொழில். பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆனால் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. கெடுத்தவர்தான் அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டங்களில் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும், சகோதரிகளே. "தோல் வேலையா? சீ!" என்று முகம் சுளிப்பது நல்வாழ்க்கை ஆகாது. அந்த வேலையை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர்? திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ், இந்த ஊர்த் தோல் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் 'தோல்' என்ற நாவலாக எழுதி, 2012-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் கதை அது. பிறப்பைக் காட்டி ஒருவனை ஒரு தொழிலில் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு அந்தத் தொழிலைக் காட்டி அவனையே இழிவாகப் பேசுவது எவ்வளவு பெரிய அநியாயம்! 1956-ல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்தைத் தழுவியதற்கு இந்த அநியாயமும் ஒரு காரணம் அல்லவா? கேள்வி கேட்க வேண்டியது தொழிலாளியை அல்ல. கழிவைத் திறந்துவிட்ட முதலாளியை. செருப்பும் கைப்பையும் வாங்குகிற நம்மையும்தான்.

"எல்லாம் சரி, அடுப்பு எரிய வேண்டுமே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு வார அரிசிதான் இருக்கிறது என்றால், மதுக்கடையில் கணக்கு எழுதும் வேலைக்கும் மனிதன் போகத்தான் செய்வான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருந்தால், "இந்த வேலை வேண்டாம், வேறு பார்க்கிறேன்" என்று சொல்லும் தைரியம் வரும். அந்தத் தைரியத்தை வீட்டில் சேர்த்து வைப்பது யார்? கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்க்கிற நாம்தான்! நகைக்கென்றும் பண்டிகைக்கென்றும் ஒதுக்குவதில் கொஞ்சம் எடுத்து, வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கென்றே தனியாக வையுங்கள்.

வேலையை விட முடியாத நிலை என்றாலும், வேலைக்குள்ளேயே செய்யக்கூடியது உண்டு. கழிவு நீர் சுத்திகரிக்கப்படுகிறதா, ரசாயனம் தொடுகிற கைக்கு உறை கொடுக்கிறார்களா, பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்களா என்று வீட்டுக்கு வந்தவரிடம் பேச்சோடு பேச்சாக விசாரியுங்கள். வீட்டில் கேட்பார் இருக்கிறார்கள் என்றால் வெளியில் கை கொஞ்சம் தயங்கும்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் காந்திகிராமம் இருக்கிறது. பெரிய செல்வர் வீட்டில் பிறந்து, இளம் வயதிலேயே விதவையாகி, பிறகு டாக்டருக்குப் படித்த சௌந்தரம் அம்மாள், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-ல் ஆரம்பித்த ஸ்தாபனம். நகரத்தில் வைத்தியம் பார்த்து அவர் நிறையச் சம்பாதித்திருக்கலாம். கிராமத்துத் தாய்மார்களுக்கு மருத்துவமும் கைத்தொழிலும் கிடைக்க வழி செய்தார். அவர் பௌத்தர் அல்ல. ஆனால் புத்தர் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் சொன்னவர்.

எல்லோராலும் சௌந்தரம் அம்மாள் ஆக முடியாது. ஆனால் அடுத்த முறை பிள்ளையோ பெண்ணோ நியமன உத்தரவோடு வந்து நின்றால், காப்பி கொடுத்து, சந்தோஷப்பட்டு, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "அங்கே என்னப்பா செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவன் தடுமாறினால், உட்கார வைத்துப் பேசுங்கள்.