படம் எடுக்க வீடு பார்க்கிறவர்களுக்கு

மீமிசல் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பாட்டு ஆல்பம் ஒன்றுக்குப் போட்டோ எடுக்க, அறந்தாங்கி வழியாகக் கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து வருகிறார்கள். நல்ல காரியம். அந்தப் பக்கத்துக்குக் கேமரா புதிதல்ல. 1947-இல் வந்த 'நாம் இருவர்', ஏவி.எம். காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது எடுத்ததுதான்.

ஆனால் முகப்பில் நின்று செல்போனில் நாலு படம் பிடித்துவிட்டு வாடகை பேசினால் போதாது. வளவில் எந்நேரம் வெயில் இறங்குகிறது என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் எல்லோரும் சரி என்றதாகாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரில் டேப் ஒட்டிப் பூச்சு உரிந்துவிட்டால், திரும்ப இழைக்க ஆளுக்கு எங்கே போவது?

வீட்டுக்காரர்களுக்கும் சொல்வேன்: கூச்சப்படாமல் வாடகை கேளுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியும், பிரித்த வீட்டுத் தேக்குத் தூண்கள் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கத்தான் செய்கின்றன. படப்பிடிப்புப் பணத்தைப் பங்கு போடாமல், ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றலாம்.