சிற்றாறும் கடலும்

குற்றாலம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சாரலும், அருவியும், திரிகூட இராசப்பக் கவிராயரின் குறவஞ்சியுமே ஆகும். ஆனால் அருவியில் நீராடிய பின், அந்நீர் எங்கே செல்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசி வழியே கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரபரணியுடன் கலக்கிறது. தாமிரபரணியோ புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. எனவே, மலையடிவார ஊர்களின் சாக்கடைக்கும் புன்னைக்காயல் மீனவரின் வலைக்கும் தொடர்பு உண்டு.

கடல் பெரிது, எதையும் கரைத்துவிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கரையோரக் கடலுக்கு அது பொருந்தாது. கழிவுநீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே பாசிகளை மிகுதியாக வளர்க்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. கலங்கிய நீரில் ஒளி புகாமையால் கடற்புல்லும் பவளமும் நலிகின்றன. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவின் பெருஞ்செல்வம் இவையே. இவற்றைக் காக்கவே 1986இல் அங்குத் தேசியக் கடற்பூங்கா அமைக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதிகளில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சை நிறங்கொண்டது. மீன்கள் இறந்து ஒதுங்கின. அதற்குக் கழிவுநீர்தான் காரணம் என்று நாம் கூறவில்லை. கரைக்கடல் எத்துணை மென்மையானது என்பதற்கு அதுவே சான்று என்கிறோம்.

நகராட்சிக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறை புதிரானதன்று. முதலில் குப்பையை வடிகட்டி, மண்டியைப் படியவிடுவர். அடுத்துக் காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கை உண்ணச் செய்வர். இவ்விரண்டோடு நிறுத்தினால் நீர் தெளியும். ஆயினும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பெருமளவு அதிலேயே தங்கிவிடும். அவற்றை நீக்கும் மூன்றாம் நிலைக்குச் செலவு அதிகம்.

இங்கேதான் நம் கருத்து. கடலுக்கு நஞ்சாகும் அதே சத்து, வயலுக்கு உரமல்லவா? இரு நிலைகளில் தூய்மை செய்து, கிருமி நீக்கிய நீரைத் தென்னைக்கும் தீவனப் பயிருக்கும் பாய்ச்சினால் ஆறும் பிழைக்கும், உழவரும் பயன்பெறுவர். பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கு மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். கோடையில் சிற்றாறு மெலியும்போது கழிவைக் கரைக்க நீரிராது. தேங்கியதை எல்லாம் முதல் வெள்ளம் வாரிச்சென்று கடலில் கொட்டும். ஆகவே ஆற்றில் விடாமையே சிறந்த வழி.

பணம் எங்கே என்று சிலர் கேட்கலாம். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மும்முறை தூய்மை செய்து ஆலைகளுக்கு விற்கின்றனர். ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர். 1957இல் உயிரற்றது என்று அறிவிக்கப்பட்ட லண்டனின் தேம்ஸ் நதியில், 1974இல் சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது. மனம் இருந்தால் ஆறு மீளும்.

2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள், தாமிரபரணியில் கழிவு கலப்பதைக் காண நெல்லைக்கு நேரிலேயே வந்தனர். நீதிமன்றம் வந்து பார்க்கும் வரை நாம் காத்திருக்கலாமா? அருவியில் சோப்பும் ஷாம்பும் கூடாது என்னும் தடையை மதிப்பது ஒவ்வொருவர் கடமை. விடுதிகளின் கழிவுநீர் ஓடையில் விழாமல் தடுப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிகளின் கடமை. மாணவச் செல்வங்களே! உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் மும்மாதத்திற்கு ஒருமுறை சிற்றாற்று நீரைச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடுங்கள். பெரியோர்களே! அம்முடிவைக் கையில் ஏந்தி நகர்மன்றத்தில் கேள்வி கேளுங்கள்.

தொழுகைக்கு முன் உளூச் செய்யத் தூய நீரைத் தேடும் நாம், நம்மைக் கடந்து செல்லும் நீரும் தூயதாய் இருக்க வேண்டுமென்று விரும்ப வேண்டாமா? மலையடிவாரத்தில் முதல் நீரை நுகர்பவர் நாம். கடைசி நீரை நம்பி வாழ்பவர் கடலோர மக்கள். பெற்றதைப் பெற்றவாறே அவர்களிடம் ஒப்படைப்பதே அறம்.