மாஸ்க் போட்டா போதுமா? விமான மாடல் செய்யும் நண்பர்களுக்கு

"என்95 போட்டுட்டுதான் பெயின்ட் அடிக்கிறேன் டாக்டர்."

பிளாஸ்டிக் விமான கிட் செய்யும் நண்பர்கள் எல்லாரும் சொல்லும் பதில் இது. மன்னிக்கணும், இது பாதிப் பாதுகாப்புதான்.

என்95 தூசியைத் தடுக்கும், பெயின்ட் துளியைத் தடுக்கும். லேக்கர் தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவி நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். நீங்க "தூக்கம் பத்தல"ன்னு நினைச்சுக்குவீங்க.

கிட்டில் இருப்பது பாலிஸ்டைரீன். அதற்கான சிமென்ட், பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கிறது. அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள் அதில் உண்டு. இதை ஏசி போட்டுப் பூட்டிய பெட்ரூமில், குழந்தை பக்கத்தில் தூங்கும்போது திறக்கலாமா?

1960களில் அமெரிக்கச் சிறுவர்கள் டொலுயீன் கலந்த மாடல் பசையைப் போதைக்காக முகர்ந்தார்கள். அதைத் தடுக்கவே பசையில் மூக்கை எரிக்கும் கடுகு நெடியைச் சேர்த்தார்கள். விளையாட்டுச் சாமான்தானேன்னு அலட்சியம் வேண்டாம்.

"தண்ணியில் கரையும் அக்ரிலிக்தானே?" ஏர்பிரஷ்ல அடிச்சா அந்தத் துளியும் நுரையீரலுக்குள்ள போகும். அங்கே மாஸ்க் உதவும்.

என்ன செய்யணும்?

▪️ஜன்னலைத் திறங்க. ஸ்பிரே காற்று வீட்டுக்கு வெளியே போகணும்.
▪️லேக்கர் அடிச்சா, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் போடுங்க. கார்ட்ரிட்ஜை காலத்தோட மாத்துங்க.
▪️குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த அறையில் வேண்டாம்.

கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறீங்க. ரெஸ்பிரேட்டர்னா மட்டும் "காஸ்ட்லி டாக்டர்"ங்கிறீங்க. இது நியாயமா?

ஹாபியை விட வேண்டாம். இன்னைக்கே டேபிளை ஜன்னல் பக்கம் நகர்த்துங்க.