எஞ்சினியருக்கு எவ்வளவு சம்பளம்?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் அடுத்து வரும் கேள்வி இதுதான். கேட்பதில் பிழையில்லை. 2022இல் பொருட்களின் விலை ஏறியபோது மாதச் சம்பளத்தை நம்பியிருந்த வீடுகள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் எந்தப் படிப்பு என்று யாரும் கேட்பதில்லை. மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் தரும் நான்கு வருடப் பொறியியல் பட்டம் ஒன்று. 2013இல் உயர்தரத்தில் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவின் வழியாகப் போய்ப் பெறும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறொன்று. பட்டயப் பொறியியலாளராக வருவதற்கு முதலாவதே நேரான வழி. அதற்காக "டெக்கா?" என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் அன்று பறித்த கொழுந்து வீணாகும். அதைத் திருத்தத் தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்புண்டு. அங்கே தூள் பிரிக்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். இயந்திரம் திருத்தும் பெண்ணை இன்னும் கண்டதில்லை.

பதுளை கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் பல்கலைக்கழக அனுமதியில் நமக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலை மாணவிக்கு அந்த வாசல்வரை போவதே பெரும்பாடு.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது தூரம். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நமது பசறை வீதியிலேயே இருக்கிறது. மகள் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம் என்று பெற்றோருக்கு நிம்மதி. படித்து முடித்த பிறகு? நல்ல சம்பளம் தரும் கம்பனிகளில் பெரும்பாலானவை கொழும்புப் பக்கம். ரயிலில் போனால் ஒரு பகலே போய்விடும். மகனுக்கு அங்கே அறை தேடிக் கொடுக்கும் வீட்டில் மகளுக்குக் கிடைக்கும் பதில், "டீச்சிங் எடுத்தால் போதும்." (எங்கள் ஆசிரியைகள் கோபிக்க வேண்டாம். விரும்பி வந்தவர்கள் நீங்கள்.) பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டில் இருப்பவளின் சம்பளம் பூச்சியம்தான், அது எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டமானாலும்.

ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். மகளை வெளியூரில் வேலைக்கு விடுவீர்களா? யாரோடு தங்குவாள்? அறை வாடகையும் சாப்பாடும் போனால் கையில் என்ன மிஞ்சும்? கல்யாணம் பேச வருகிறவர்களிடம் அவளுடைய வேலையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?

எங்கள் வீட்டில் வாப்பா சென்ற மாதம் இந்தப் பேச்சைத் தொடங்கினார். உம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.