பால் ஒவ்வாத குழந்தை யாருடைய பொறுப்பு?

பால் குடித்ததும் கக்கும் குழந்தைக்கு வைத்தியம் சொல்லாதவர் நம் ஊரில் இல்லை. உரம் விழுந்திருக்கும், எடுத்து விடுங்கள் என்பார் பாட்டி. தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆள் சொல்வார் பக்கத்து வீட்டுக்காரர். பவுடரை மாற்றிப் பாருங்களேன் என்று இன்னொரு டப்பாவை எடுத்து வைப்பார் மருந்துக்கடைக்காரர். உன் பால்தான் சரியில்லை என்று சொல்லவும் யாராவது வந்துவிடுவார்கள். இத்தனை பேருக்கும் நடுவில், இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தாய் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவு தவறினால் பழியும் அவள் தலையில்தான் விழுகிறது.

இது நியாயமில்லை. எதுக்களிப்பும் பால் ஒவ்வாமையும் உள்ள குழந்தைக்கு எந்தப் பால் கொடுப்பது என்பதை மருத்துவரும் குடும்பமும் கடைக்காரரும் அரசும் சேர்ந்து சுமக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்தால் தேவையில்லாத டப்பாக்கள் பல வீட்டுக்குள் வராது. உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காமலும் போகாது.

முதலில், கக்குவதெல்லாம் நோயல்ல. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் பச்சிளம் பருவத்தில் அடிக்கடி தளர்ந்துகொள்ளும். குழந்தையின் உணவோ முழுக்கத் திரவம். நாளில் பெரும்பகுதி படுக்கையும் மல்லாக்கத்தான். பால் மேலே வராமல் என்ன செய்யும்? மூன்று, நான்கு மாத வயதில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் கக்குகின்றன. உட்காரவும் நிற்கவும் தொடங்கியபின் அது குறைந்து, ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடுகிறது. கக்கிவிட்டுச் சிரிக்கும் குழந்தையின் எடை, தாய்–சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டோடு ஏறிக்கொண்டிருந்தால் மருந்தும் வேண்டாம், புது டப்பாவும் வேண்டாம். ஒரே மூச்சில் நிறையப் புகட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, ஏப்பம் எடுக்க விடுவது, குடித்தபின் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்தி வைத்திருப்பது போதும். தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். கக்குகிறதே என்று குப்புறப் போடக் கூடாது. நன்றாக வளரும் குழந்தைக்கு, கக்குகிறது அல்லது அழுகிறது என்பதற்காக மட்டும் அமிலம் குறைக்கும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று 2018இல் வட அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை இரைப்பை–குடல் மருத்துவச் சங்கங்கள் கூட்டாகவே சொல்லிவிட்டன. ஆயினும் ‘ஒரு சிரப்பாவது எழுதித் தாருங்கள்’ என்று கேட்கும் பெற்றோரும், கேட்பதற்கு முன்பே எழுதிவிடும் மருத்துவரும் இன்னும் இருக்கிறார்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். வாந்தி பச்சையாக வந்தாலோ, அதில் ரத்தம் இருந்தாலோ, இரண்டாவது வாரம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் பீய்ச்சியடிப்பதுபோல் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடை ஏறவில்லை, பாலைக் கண்டாலே முகம் திருப்புகிறது என்றாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்த நேரத்தில் உரம், தொக்கம் என்று தொண்டையிலும் வயிற்றிலும் கைவைக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது.

பால் ஒவ்வாமைக்கு வருவோம். குழப்பமும் வீண் செலவும் இங்கேதான் அதிகம். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பது ஒரு கோளாறு. பாலில் உள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகக் கொள்வது முற்றிலும் வேறு கோளாறு. பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தை மிக மிக அபூர்வம். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரம் லாக்டோஸ் செரிக்காமல் இருந்து, குடல் தேறியதும் சரியாகிவிடுவதே நாம் அதிகம் பார்ப்பது. கைக்குழந்தைக்குத் தொடர்ந்து வாந்தி, மலத்தில் ரத்தமோ சளியோ, தோலில் கரப்பான், எடைக் குறைவு எல்லாம் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டியது பசும்பால் புரத ஒவ்வாமையை. அது நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருக்கலாம் என்பது மேலை நாட்டுக் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் அதைவிடவும் குறைவு.

இந்த வேறுபாடு தெரியாததால் நடப்பதைப் பாருங்கள். ‘பால் சேரவில்லை’ என்று கடையில் சொன்னால், லாக்டோஸ் இல்லாத பவுடர் கைக்கு வருகிறது. அவற்றில் பலவும் பசும்பாலில் செய்தவை. சர்க்கரையை நீக்கியிருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது மறுபடியும் அதே பால்தான். கக்குவதைக் குறைக்கக் கெட்டிப்படுத்திய பவுடரும் அப்படியே. அதில் அரிசி மாவுச்சத்தோ கரோப் பிசினோ சேர்ந்திருக்கும், புரதம் மாறாது. கக்கும் அளவு கண்ணுக்குக் குறையலாம், ஒவ்வாமை குறையாது. புரதத்தைப் பாதியளவே உடைத்த பவுடரும் சிகிச்சைக்கு உதவாது. ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கு கணக்கில் விற்கும் கழுதைப்பாலைக் காய்ச்சாமல் புகட்டுவது கிருமியை நேரே வாயில் ஊற்றுவதாகும். கேழ்வரகுப் பால், பாதாம் பால் எதுவும் ஆறு மாதத்துக்குக் கீழே பாலுக்கு ஈடாகாது.

ஒவ்வாமை உள்ள, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதலில் தர வேண்டியது புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்த பவுடர். பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஒவ்வாமை மிகக் கடுமையாக உள்ளவர்களுக்கும் அமினோ அமிலப் பவுடர். சோயா பவுடரை ஆறு மாதத்துக்குமுன் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் ஒரு பகுதிக்குச் சோயாவும் ஒவ்வாது. உடைத்த புரதம் கசக்கும், வாடையும் இருக்கும், மலம் பச்சையாகப் போகும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் டப்பாவை மட்டும் எழுதிக் கொடுத்தால், இரண்டே நாளில் ‘இதுவும் சேரவில்லை’ என்று குடும்பம் அடுத்த டப்பாவைத் தேடும். மருத்துவர் செலவிடும் பத்து நிமிடம் ஒரு மாதச் செலவை மிச்சப்படுத்தும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. சந்தேகப்பட்ட புரதத்தை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பது பரிசோதனையின் பாதிதான். குழந்தை தேறியபின் மருத்துவர் பார்வையில் பழைய பாலை மீண்டும் கொடுத்து, அறிகுறி திரும்புகிறதா என்று பார்ப்பது மறுபாதி. ரத்தப் பரிசோதனை பலருக்கு விடை சொல்லாது. நோயை உறுதிசெய்வது இந்த மறுபாதிதான். நம்மிடம் அதிகம் விட்டுப்போவதும் அதுவே. தானாகவே குணமாகியிருக்கக்கூடிய எதுக்களிப்பை ஒவ்வாமை என்று முத்திரை குத்தி, ஒரு குடும்பத்தை மாதக்கணக்கில் விலையுயர்ந்த டப்பாவோடு கட்டிப்போடுவது சரியல்ல. கடும் ஒவ்வாமையால் உடனே தடிப்பும் மூச்சுத்திணறலும் வந்த குழந்தைக்கு மட்டும் இந்த மறுபரிசோதனையை வீட்டில் முயலவே கூடாது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய் தன் உணவிலிருந்து பால், தயிர், மோர், நெய், பனீர், பால் சேர்ந்த இனிப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் சில வாரம் விலக்கிப் பார்க்க வேண்டும். சொல்வது எளிது. காலையில் காபி கலந்து, மதியம் மோர்ச்சோறு பிசையும் வீட்டில் அவளுக்கென்று தனிச் சமையல் யார் செய்வது? ‘ஒரு வாய் தயிரில் என்ன ஆகிவிடப் போகிறது’ என்று சொல்லாமல் இருப்பதும், அவளுக்கென்று கீரையும் கேழ்வரகும் நெத்திலியும் வாங்கி வருவதும் கணவர், மாமியார், அம்மா எல்லாருக்கும் உரிய பங்கு. பிரசவத்துக்குப்பின் ஆறு மாதம் அரசுத் திட்டத்தில் தரும் கால்சியம் மாத்திரையை அவள் விடாமல் சாப்பிடுகிறாளா என்று கிராம சுகாதார செவிலியர் கேட்க வேண்டும்.

இனி பணம். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளொன்றுக்கு 750 மில்லி குடிக்கும். அதற்கு ஏறக்குறைய 100 கிராம் பவுடர் வேண்டும். 400 கிராம் டப்பா நான்கு நாளில் காலி. மாதம் ஏழெட்டு டப்பா. ஒவ்வாமைக்கான பவுடரில் டப்பா ஒன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அமினோ அமிலப் பவுடர் அதைவிடவும் அதிகம். கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் இதற்கு எங்கே போவார்கள்? நான்கு நாள் டப்பாவை எட்டு நாளுக்கு இழுக்கிறார்கள், தண்ணீரைக் கூட்டுகிறார்கள். குழந்தை குடிக்கிறது, வயிறு நிறைகிறது, உடல் தேய்கிறது. சிறுகச் சிறுகப் பட்டினி போடும் இந்த நீர்த்த பாலைப் பற்றி நம் பொது விவாதங்களில் பேச்சே இல்லை என்பது வேதனை.

நமக்குச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். 1992இல் வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்ட குழந்தைப் பால் மாற்றுச் சட்டம், இரண்டு வயதுவரைக்கான பவுடர் பாலையும் குழந்தை உணவையும் விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி தருவதையும் மருத்துவப் பணியாளருக்குப் பரிசும் சலுகையும் கொடுப்பதையும் தடை செய்கிறது. மீறினால் மூன்றாண்டுவரை சிறை உண்டு. இதை மருத்துவப் பணியாளர் சிலர், பவுடர் பால் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு. பவுடர் பால் புகட்டும் முறையைத் தாய்க்கும் குடும்பத்துக்கும் செய்துகாட்டும் உரிமையை அது மருத்துவப் பணியாளருக்கு மட்டுமே தந்திருக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் வரும் கேட்டை விளக்கவும் கட்டளையிடுகிறது. பவுடர் கிருமி நீக்கிய பொருளல்ல. கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே போகுமுன் அதில் கலந்து, ஆறவைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்த பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் தந்த வழிகாட்டல். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்பதும், டப்பாவில் போட்ட அளவுக்கு மேலோ கீழோ போகக் கூடாது என்பதும் இன்னும் எத்தனை தாய்மாருக்குச் சொல்லப்படவில்லை! ஒவ்வாமைக்கான பவுடரின் லேபிளில் மருத்துவ ஆலோசனைப்படியே தர வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். மருந்துக்கடைக்காரர்கள் அந்த வரியை மதித்து, டாக்டர் சொன்னாரா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒவ்வாமைக்கான பவுடரை ஏழைக் குழந்தைகளுக்கு அரசே தர வேண்டும் என்று கேட்டால், தாய்ப்பாலுக்காகப் போராடுகிறவர்களிடம் ஓர் அச்சம் உண்டு. அரசே பவுடர் பாலைத் தரத் தொடங்கினால், கம்பெனிகள் அந்த வாசல் வழியே எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும் என்கிறார்கள். அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வாமைப் பவுடரை மருந்துச் சீட்டில் இலவசமாகத் தரும் பிரிட்டனில், 2006க்கும் 2016க்கும் இடையே அந்தச் சீட்டுகள் ஒரு லட்சத்து சொச்சத்திலிருந்து ஆறு லட்சத்துக்குமேல் பெருகின. நோய் அந்த அளவு கூடியதற்குச் சான்று இல்லை. கம்பெனிகளின் கை இதில் உண்டு என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2018இல் அம்பலப்படுத்தியது. ஆனால் இதற்காக ஏழைக் குழந்தையைக் கைவிட முடியாது. கொடுக்கும் முறையைத்தான் இறுக்க வேண்டும். நிறுத்திப் பார்த்து, மீண்டும் கொடுத்துப் பார்த்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவு உறுதி செய்தபின் மட்டும் பவுடர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்னும் தேவையா என்ற மறுபரிசோதனை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் இந்த ஒவ்வாமை விலகிவிடுகிறது. கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்துகளைப் போலவே பொதுப்பெயரில் கொள்முதல். இந்த மூன்று நிபந்தனையை இரு தரப்பும் ஏற்க முடியும் என்றே நம்புகிறோம்.

2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டியதும் இதே மாநிலம். புரதம் உடைத்த பவுடரையும் அமினோ அமிலப் பவுடரையும் அந்தக் கழகத்தின் கொள்முதல் பட்டியலில் சேர்த்து, நோய் உறுதியான ஏழைக் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனை வழியே இலவசமாகத் தர நல்வாழ்வுத் துறை முன்வர வேண்டும். குழந்தை மருத்துவர் சங்கங்களும் தாய்ப்பால் இயக்கங்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு இதைக் கேட்கட்டும்.